இடது கண்ணின் வெள்ளை

வெள்ளையை வெள்ளை நூலால் நெய்வதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்களுக்குப் பெரியவள் பதில் சொல்வதில்லை. ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். பதில் சொல்லும் பொறுப்பு அவள் தங்கையுடையது.

"சுண்ணாம்புச் சுவரு, முட்டை ஓடு, உங்க பல்லு. மூணும் வெள்ளைதானே? பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க," என்பாள் தங்கை.

தங்கைக்கு எறும்பு என்று பெயர் வைத்ததும் பெரியவள்தான். சின்ன வயதில் எதையாவது தூக்கிக்கொண்டே திரிவாளாம். ஐம்பத்தெட்டு வயதிலும் அதே கதைதான். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கூடை நூல், இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரரின் சண்டை, எதையாவது சுமந்துகொண்டுதான் மாடிப்படி ஏறுவாள்.

மிதிவண்டிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் சாய அடுப்பும் பாத்திரங்களும் எப்போதும் சொட்டிக்கொண்டிருக்கும் குழாயும். உள்ளறையில் தறி. கீழே கடைக்காரர் சக்கரத்தைத் தட்டி நிமிர்த்தும்போதெல்லாம் மேலே பாவு நூல் லேசாக அதிரும். அந்த அதிர்வு நின்றுபோகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவளுக்குக் கை ஓடாது.

அது நின்ற நிலைத் தறி. மேலே ஓர் உருளை, கீழே ஓர் உருளை, நடுவே இழுத்துக் கட்டிய பாவு. அதன் முன்னால் உட்கார்ந்து, குச்சிகளில் சுற்றிய நூலை ஊடே விட்டு, சீப்பால் தட்டித் தட்டி, படத்தையே துணியாக நெய்வாள். வாரத்துக்கு ஒரு விரல் அகலம் ஏறும். நெய்து முடித்த பகுதி கீழ் உருளையில் சுருண்டு உள்ளே போய்விடும். போனது போனதுதான். கடைசி இழை விழும்வரை அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது பெரியவளின் சட்டம்.

"பின்னாடி திரும்பிப் பார்த்தா கை பயந்துடும்," என்பாள். நாற்பது வருடமாக அப்படித்தான் நெய்தாள். நாற்பது வருடமாக அது அவளைக் கைவிட்டதும் இல்லை.

இப்போது தறியில் இருந்தது ஒரு படுக்கை விரிப்பின் படம். ஆள் இல்லை, முகம் இல்லை. சன்னலோரக் கட்டில், கசங்கிய வெள்ளை விரிப்பு, தலையணையில் ஒரு பள்ளம். அவ்வளவே.

பெரியவளின் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவராக இருந்தவர். அந்தக் கட்டிலில் பதினோரு மாதம் கிடந்தார். கடைசி நான்கு மாதம் பேச்சும் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராத நாட்களில் பெரியவள் விரிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையில் அது எப்படி இருக்கும், வெயில் ஏறினால் மடிப்புக்குள் என்ன நிறம் தங்கும், மூச்சு வாங்கும்போது எந்த மடிப்பு அசையும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவரைத் தூக்கிய பிறகும் அவர் கிடந்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. அப்புறம் யாரோ வந்து ஒரே இழுப்பில் விரிப்பை உருவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள்.

அந்த வெள்ளை அவளுக்குத் திரும்ப வேண்டும். வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அவர் போய் ஒன்றரை வருடம் கழித்துப் புதிய நூலகத்தின் பெரிய கூடத்துக்கு ஒரு சுவர்ச்சீலை நெய்து தரக் கேட்டார்கள். என்ன வேண்டுமானாலும் நெய்யலாம் என்றார்கள். அவள் அன்றைக்கே பாவு கட்டத் தொடங்கிவிட்டாள்.

அதற்குப் பதினேழு வெள்ளைகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றையும் நினைவிலிருந்தே சாயமிட்டாள். கொதிக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டுப் பழுப்பு, ஒரு சொட்டு நீலம் விட்டு, நூலைத் தூக்கிச் சன்னலில் பிடித்துப் பார்ப்பாள். கண்ணை மூடுவாள். உள்ளே இருக்கும் விரிப்பைப் பார்ப்பாள். திறப்பாள். "இன்னும் மஞ்சளா இருக்கு," என்று இன்னொரு சொட்டு விடுவாள். பதினேழுக்கும் எறும்பு தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தாள்: பல், முட்டை ஓடு, பழைய காகிதம், சோப்பு நுரை, மாமியார். கடைசியாகச் சொன்னது கொஞ்சம் கறுத்த வெள்ளை.

நெய்யத் தொடங்கிய ஆறாம் மாதம் ஒரே ஒரு தடவை எறும்பு வாய் திறந்தாள். குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே, "அக்கா, இந்த முட்டை ஓடு போன தடவைய விடக் கொஞ்சம் நீலமா இல்ல?" என்றாள்.

பெரியவள் சீப்பைக் கீழே வைத்தாள். "நூல் சுத்தறது உன் வேலை. பாக்கறது என் வேலை. அது தெரிஞ்சா இரு, இல்லன்னா கீழ போய்ச் சைக்கிளுக்குக் காத்தடி."

எறும்பு அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

நெய்யத் தொடங்கி இரண்டரை வருடம் ஓடியது. எட்டடித் துணியில் தலையணையின் மேல் விளிம்பு மட்டும் மூன்று விரல் அகலம் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் பெரியவள் மாடிப்படியில் கால் தவறி, கடைசி நான்கு படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினாள். மிதிவண்டிக் கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார். எறும்பு அவரைப் பார்த்து, "பொறுமையாத் தூக்குங்க, அது பழைய மாடல், உதிரி பாகம் கிடைக்காது," என்றாள். மறுநாளே அக்காவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

இரண்டு கண்ணிலும் புரை. டாக்டர் சின்னப் பெண். வலது கண்ணை முதலில் செய்துவிட்டு, மூன்று வாரம் கழித்து இடது கண்ணைச் செய்யலாம் என்றாள். முதல் அறுவை முடிந்து அனுப்பும்போது, "நல்லா முத்திப்போயிருந்துச்சும்மா. பத்து வருஷமாவது ஊறியிருக்கும். எப்படித்தான் நூல் கோத்தீங்களோ," என்றாள். பெரியவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போது தறிக்குப் போகலாம் என்பது மட்டும்தான் அவள் கேள்வி.

ஒன்பதாம் நாள் கட்டு எடுத்தார்கள். பெரியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே அறைக்கு வந்தாள். குழாய் பளபளத்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டாள்.

"உனக்கு இவ்வளவு நரையாடி?"

"அதப் பாக்கத்தான் ஆபரேஷன் பண்ணுனியா?"

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் பெரியவள் உள்ளறைக் கதவைத் தள்ளினாள்.

தறியின் குறுக்கே முப்பது குச்சிகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் நீலம். சலவை நீலத்தில் தவறி விழுந்த மாதிரி சில, அடிபட்ட தோல் மாதிரி சில. அவற்றுக்குப் பின்னால் மேல் விளிம்பு முடியாத தலையணை, அதுவும் நீலம்.

"என்ன பண்ணி வெச்சிருக்க?" என்றாள் பெரியவள்.

"எத?"

"நான் இல்லாதப்ப சாயப் பாத்திரத்துல கை வெச்சியா?"

"நான் அந்தப் பக்கமே போகலக்கா. நீ விட்டுட்டுப் போன மாதிரியேதான் இருக்கு."

"நான் நீலத்தையா விட்டுட்டுப் போனேன்?"

எறும்பு தரையைப் பார்த்தாள். கையில் பை இருந்தது, அதைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். அப்போதுதான் பெரியவளுக்கு ஏதோ உறைத்தது. மெதுவாகக் கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்தினாள்.

வெள்ளை. அவள் நெய்த அதே வெள்ளை. வெயில் ஏறும் நேரத்துத் தலையணை.

கையை எடுத்து இடது கண்ணைப் பொத்தினாள். நீலம்.

மறுபடி வலது. மறுபடி இடது. சின்னப் பிள்ளைகள் விளையாடுவது போல மாற்றி மாற்றிப் பொத்திக்கொண்டே நின்றாள். எறும்பு பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள்.

"பல்சக்கரத்த விடு," என்றாள் பெரியவள்.

"வேணாங்க்கா. முடியறவரைக்கும் பாக்கக் கூடாதுன்னு நீதானே..."

"விடு."

கீழ் உருளையைப் பிடித்திருந்த பல்சக்கரத்தின் பூட்டை எறும்பு விடுவித்தாள். பெரியவள் மேல் உருளையைச் சுற்றினாள். இரண்டரை வருடம் சுருண்டு கிடந்த துணி, இடையே வைத்துச் சுருட்டிய காகிதம் கிழிய, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. கடைசியாக நெய்தது முதலில் வந்தது, முதலில் நெய்தது கடைசியில். தலையணைப் பள்ளம் சாயங்கால வானம் மாதிரி இருந்தது. தோள் இருந்த இடம் கொஞ்சம் வெளுத்தது. இடுப்பு இன்னும் கொஞ்சம். முழங்கால் பக்கம் வந்தபோது நீலமா வெள்ளையா என்று சண்டை போடலாம். கால்மாட்டில், ஆரம்பத்தில் நெய்த ஒரு முழத்தில் மட்டும் விரிப்பு வெள்ளையாக இருந்தது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குள் மஞ்சள் ஏற ஏற, நூலில் மஞ்சள் தெரிகிறது என்று அவள் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். ஒரு நாள் ஒரு சொட்டு. அடுத்த மாதம் இரண்டு. பின்னால் சுருண்டதை ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள்தான் பார்க்க மாட்டாளே.

"எங்க ஆரம்பிச்சுது?" என்றாள்.

எறும்பு யோசிக்கவே இல்லை. குனிந்து, துணியில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். கணுக்கால் மேட்டுக்குக் கொஞ்சம் மேலே. "இங்க. அந்த முட்டை ஓடு."

"அன்னிலேருந்து தெரியுமா உனக்கு?"

"முன்னெல்லாம் ஒரு நீல பாட்டில் ஒரு வருஷம் வரும். அப்புறம் ஆறு மாசம். இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. கடைக்குப் போறது நான்தானே."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே," என்றாள் எறும்பு. குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. "ஒரு தடவை சொன்னேன். அப்புறம் நானே நெனச்சுக்கிட்டேன், உனக்கு ஏதோ கணக்கு இருக்கும்னு. நீ அத்தானப் பாக்கற, நான் என்னத்தப் பாக்கறேன்."

பெரியவள் முக்காலியில் உட்கார்ந்தாள். கீழே கடைக்காரர் சக்கரத்தைத் தட்டினார். பாவு அதிர்ந்தது. அவள் எழவில்லை.

புதன்கிழமை நூலகக் கூடத்தின் பொறுப்பாளர் வந்தாள். சீலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வருவதாக முன்பே சொல்லியிருந்தாள், தடுக்க முடியவில்லை. துணியை மேலும் கீழும் ஓட்டிக் காட்டச் சொன்னாள். எறும்பு ஓட்டினாள். அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினாள்.

"உயிர் போகப் போக வெளிச்சம் நீலமாகிக்கிட்டே போகுது. எனக்குச் சொல்லத் தெரியல. இத மாதிரி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல."

"நான் அப்படி நினைக்கலம்மா," என்றாள் பெரியவள். "என் கண்ணு கெட்டுப்போச்சு. நான் வெள்ளைதான் நெய்தேன்."

பொறுப்பாளர் சிரித்தாள். பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த அடக்கம்தான் உங்ககிட்ட. தயவுசெஞ்சு இத வேற யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அவள் படி இறங்கிப் போன சத்தம் ஓய்ந்தது. அப்புறம் எறும்பு, "அவங்களுக்குப் புடிச்சிருக்கே, விட்டுடேன்," என்றாள்.

"அவங்க பார்த்தது வேற யாரோ செத்தது."

"பிரிச்சிடலாமா? நீ சொல்லு, கணுக்கால்வரைக்கும் நான் உக்காந்து பிரிக்கறேன். ஒரு மாசத்துல பிரிச்சுடுவேன்."

"பிரிச்சிட்டு எந்த வெள்ளையப் போடறது?" பெரியவள் திரும்பினாள். "அந்த விரிப்பத் தெனமும் துவைச்சது நீதானே. அது எப்படி இருந்துச்சு? நெஜமா எப்படி இருந்துச்சு?"

பதினேழு வெள்ளைக்குப் பெயர் வைத்தவள் எறும்பு.

"ஞாபகம் இல்லக்கா. கறை போச்சா, போகலயா, அத மட்டும்தான் பார்த்தேன். காய வெச்சேன், மடிச்சேன், கொண்டுவந்து போட்டேன்." அவள் கண் கலங்கியது. "நீ இப்படி ஒரு நாள் கேப்பேன்னு தெரிஞ்சிருந்தா பார்த்திருப்பேன்."

டாக்டர் பெண் சொன்னது அப்போதுதான் பெரியவளுக்குக் கேட்டது. பத்து வருஷமாவது ஊறியிருக்கும். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. அப்படியானால் கட்டிலருகே உட்கார்ந்து அவள் மனப்பாடம் செய்த வெள்ளையும் வெள்ளை இல்லை. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்தது அது. விரிப்பு மட்டுமா? வேளாவேளைக்கு ஈரத்துணியால் துடைத்த அந்த முகம். இறுதி நாளில் வெளிறிப்போனது என்று அவள் நினைத்த அந்த உதடு. அவர் உண்மையில் எந்த நிறத்தில் இருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. சரியாகப் பார்த்திருக்கக்கூடியவள் ஒருத்திதான், அவளோ கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எறும்பிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பாவத்தையும் தூக்கிக்கொண்டு திரிவாள்.

மூன்று நாள் பெரியவள் தறிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். சாய அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. எறும்பு சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள், அப்படியே எடுத்துப் போனாள். நான்காம் நாள் காலையில் உள்ளே வந்தபோது, அக்கா ஒரு துண்டுத் துணியை மடித்து வலது கண்ணுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, கொள்ளைக்காரி மாதிரி?"

"பின்னால முடிச்சப் போடு. இறுக்கிப் போடு."

"எதுக்கு?"

"பொய்யோ நெஜமோ, நான் பார்த்தது அதுதான். அது இந்தக் கண்ணுல மட்டும்தான் இருக்கு. அடுத்த திங்கக்கிழமை இதையும் எடுத்துடுவாங்க."

எறும்பு கணக்குப் போட்டாள். திங்கள்கிழமைக்கு எட்டு நாள். மூன்று விரல் அகலம். வாரத்துக்கு ஒரு விரல் என்பது அக்காவின் நல்ல காலத்துக் கணக்கு. எறும்பு முடிச்சைப் போட்டுவிட்டு வெளியே போய் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். அந்தக் கண்ணில் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, தள்ளினால் பார்வையே போய்விடும் என்றார்கள். திரும்பி வந்தவள் அதை அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. யாரிடம் பேசினாள் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த எட்டு நாளும் இருவரும் வீட்டுக்குப் போகவில்லை என்றே சொல்லலாம். வெளிச்சம் வந்ததும் உட்காருவாள், வெளிச்சம் போனதும் எழுவாள். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் தெரியாது. குச்சியை நீட்டும் கை பாவு நூலைத் தாண்டிப் போகும், இல்லை, எட்டாமல் நிற்கும். எறும்பு பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் உள்ள. அவ்வளவுதான். இப்ப இழு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஒவ்வொரு குச்சியையும் பெரியவள் தானே இடது கண்ணருகே தூக்கிப் பார்த்து, தானே எடுத்தாள். எறும்பின் கண்ணுக்கு அது கருநீலமாக ஏறிக்கொண்டிருந்தது. அக்காவின் கண்ணுக்கு என்னவாக ஏறியது என்று அவளுக்குத் தெரியாது.

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, கீழே கடை பூட்டியிருந்தது. பாவு அதிரவில்லை. அன்றைக்கு மூன்று இழைதான் போட்டாள், அதில் இரண்டைப் பிரித்தாள்.

திங்கள்கிழமை காலை வண்டி வந்து கீழே நின்றது. ஒன்றரை விரல் ஏறியிருந்தது. ஒன்றரை விரல் பாக்கி. அதற்கு மேலே வெறும் பாவு, மழைக்கம்பி மாதிரி.

"அக்கா, வண்டி."

பெரியவள் கையிலிருந்த குச்சியின் நூல் தீரும்வரை போட்டாள். சீப்பால் தட்டினாள். இன்னொரு குச்சியை எடுக்கப் போன கை நடுவழியில் நின்று மடியில் விழுந்தது.

"மிச்சத்த என்ன பண்ணட்டும்?" என்றாள் எறும்பு.

"மிச்சத்துக்கு நிறம் யாருக்குத் தெரியும். அப்படியே அறுத்துக் குடுத்துடு அவங்களுக்கு."

"நானா அறுக்கறது?"

"பின்ன நானா?"

எறும்பின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். கண்ணுக்குக் குறுக்கே கட்டியிருந்த துணியை அவிழ்க்கவில்லை. மிதிவண்டிக் கடைக்காரர் எழுந்து நின்றார்.

வண்டி கிளம்பியது. காலை வெயில் எறும்பு உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடி வழியாக விழுந்தது. அவள் மடியில் மருந்துச் சீட்டு, துண்டு, தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அக்கா கட்டாத இடது கண்ணால் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"என்னக்கா அப்படிப் பாக்கற?"

"திரும்பாத. அப்படியே இரு."

"முகத்துல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"இல்ல. வெயில் அப்படியே இருக்கட்டும், அசையாத."

எறும்பு அசையாமல் இருந்தாள். வண்டி ஒரு திருப்பத்தில் திரும்பியது, வெயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. எறும்பு வெயில் போன திசையில் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கொடுத்தாள்.